‘நோய் எதுவுமில்லை’ என்று எழுதிய படிவம்: டர்பனுக்கு வந்த ஒரு மாணவர் குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையிலிருந்து 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் தைப்பூசத்தை ஒட்டி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தார்கள். மொத்தம் 12 நாள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்த துறைமுகம் இது. அந்தக் கப்பலிலும் பிறகு வந்த கப்பல்களிலும் வந்தவர்களின் வழிவந்தவர்களைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்வதுதான் பயணத்தின் நோக்கம். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். குழுவை வரவேற்று உடன் இருக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

பயணத்தில் பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் நல்லபடியாக ஊர் திரும்பினார்கள். ஆனால் ஓர் இரவு, பக்கத்து ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்கில், ஒரு மாணவியின் உயிர் எங்கள் அறியாமைக்கும் அவளுடைய பயத்துக்கும் நடுவில் சில மணி நேரம் இருந்தது. அதை மாணவியின் சம்மதத்தோடு, அவளும் பல்கலைக்கழகமும் அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

படிவத்தில் இருந்தது

பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் எனக்கு வந்தது. வழக்கமான வடிவம்தான்: ஒவ்வொரு ஆபத்துக்கும் ‘நடக்கும் வாய்ப்பு’ 1 முதல் 5 வரை, ‘விளைவு’ 1 முதல் 5 வரை, இரண்டையும் பெருக்கி வரும் எண்ணுக்கு ஒரு நிறம். குற்றச்செயல் 5 பெருக்கல் 4, இருபது, சிவப்பு. சாலைப் பயணம் எட்டு, மஞ்சள். உடல்நலம் நான்கு, பச்சை. கடல் என்ற வரியே இல்லை.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். செய்திகளிலிருந்தும் வெளிநாட்டு அரசுகளின் பயண அறிவுறுத்தல்களிலிருந்தும் எடுத்ததாகச் சொன்னார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை நாடுகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. தென்னாப்பிரிக்கா அண்மை ஆண்டுகளில் இரண்டாம் தரத்தில் இருக்கிறது. இந்தியாவுக்கும் அதே இரண்டுதான். ஒரு நாடு முழுவதற்கும் ஒரே எண் கொடுத்தால் அது எந்தத் தெருவையும் எந்த நேரத்தையும் பற்றி ஒன்றும் சொல்லாது. இங்கே குற்றம் பொய்யல்ல. ஆண்டுக்கு 27,000 பேர் வரை கொலை செய்யப்படும் நாடு இது, அதை யாரும் மறைக்கக்கூடாது. ஆனால் அந்தக் கொலைகள் நாடெங்கும் சமமாகப் பரவியவை அல்ல. குறிப்பிட்ட காவல் நிலையங்களின் எல்லைக்குள் குவிந்து கிடக்கின்றன. அப்படி அடிக்கடி பட்டியலில் வரும் எல்லைகளில் ஒன்று இனாண்டா. காந்தி 1904-ல் நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு இருப்பது அந்த இனாண்டாவில்தான், அது நம் மாணவர்களின் பயணத் திட்டத்திலும் இருந்தது.

படிவத்தில் ‘ஃபீனிக்ஸ், அரை நாள்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இங்கே ஃபீனிக்ஸ் என்றால் இரண்டு இடம். ஒன்று காந்தியின் குடியிருப்பு, 1985 கலவரத்தில் எரிந்து, 2000-ல் மறுபடி திறக்கப்பட்டது. மற்றொன்று நிறவெறி அரசு 1970-களில் இந்தியர்களுக்கென்று உருவாக்கிய புறநகர். 2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறை சென்றபின் மூண்ட கலவரத்தில் நாட்டில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபீனிக்ஸ் புறநகர் வட்டாரத்தில் மட்டும் 30 பேருக்கு மேல். இந்தியர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் நடுவில் அந்த வாரம் விழுந்த காயம் இன்னும் ஆறவில்லை. வாடகைக் கார் ஓட்டுநரிடம் ‘ஃபீனிக்ஸ்’ என்று சொன்னால் எங்கே கொண்டு விடுவார், அங்கே ஒலிப்பதிவுக் கருவியோடு இறங்கும் மாணவன் யாரிடம் என்ன கேட்பான் என்பதெல்லாம் படிவத்தின் கட்டங்களுக்குள் வராது. குடியிருப்புக்குக் காலை நேரத்தில், அந்தப் பகுதியிலேயே வாழும் வழிகாட்டியோடு மட்டும் போவது, புறநகருக்குப் போனால் ஏற்கனவே பேசி வைத்த வீடுகளுக்கு மட்டும் போவது என்று மாற்றினோம்.

தங்குமிடமும் அப்படித்தான். ஊரிலிருந்த முகவர், கடற்கரை அருகே ‘மகாத்மா காந்தி சாலை’யில் மலிவான விடுதி ஒன்றைப் பதிவு செய்திருந்தார். பெயரைப் பார்த்து எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்தச் சாலையின் பழைய பெயர் பாயின்ட் ரோடு. போதைப்பொருளுக்கும் பாலியல் தொழிலுக்கும் பேர்போன தெரு என்று டர்பனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெயர்ப்பலகை மாறிவிட்டது, ஆனால் இருட்டியபின் அங்கே நடந்து போக வேண்டாம் என்றுதான் உள்ளூர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் ஒரு விடுதிக்கு மாற்றினோம். செலவு கூடியது.

அப்புறம் விமானச் சீட்டு. சென்னையிலிருந்து டர்பனுக்கு நேர் விமானம் கிடையாது. முகவர் பார்த்து வைத்த மலிவான வழி அடிஸ் அபாபாவில் 14 மணி நேரக் காத்திருப்போடு இருந்தது. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு ஒன்றின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டு வருகிறவரிடம் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். எத்தியோப்பியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சான்றிதழ் இல்லாமல், அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே போய்விட்டுத் திரும்பினால் இந்தியாவில் 6 நாள்வரை தனிமைப்படுத்தவும் விதி இருக்கிறது. 18 பேரும் கிண்டி கிங் நிறுவனத்தில் வரிசையில் நிற்பதா, துபாய் வழி மாற்றுவதா என்று பார்த்து, துபாய் வழி மாற்றினார்கள். 2 மணி நேரக் காத்திருப்பு வித்தியாசம் ஒரு பயணத்தையே குடியேற்ற வரிசையில் நிறுத்தியிருக்கும், ஆனால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

கடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயிர்காப்பாளர் கொடி நட்ட இடத்தில் மட்டும், பகலில் மட்டும், முழங்கால் அளவுக்கு மட்டும். 2022 டிசம்பரில் கூட்டம் நிறைந்த பே ஆஃப் பிளென்டி கடற்கரையில் திடீரென எழுந்த அலை மூன்று உயிரைக் கொண்டுபோனது என்பதைச் சொன்னதும் பையன்கள் அடங்கிவிட்டார்கள்.

ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்

சாலைதான் எனக்கு உண்மையான கவலையாக இருந்தது. இந்த நாட்டில் 2022, 2023 ஆண்டுகளில் சாலையில் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சுமார் 12,000 பேர். 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தைப் பார்க்க என்-3 நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் போக வேண்டும். டர்பன் துறைமுகத்தை ஜொகன்னஸ்பர்கோடு சேர்க்கும் சாலை அது, இரவும் பகலும் கனரக லாரிகள்.

டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் லாரித் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். திட்டத்தை அவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “சாலை மூடிட்டா எங்கே படுப்பீங்க?” 2021 ஜூலையில் மூய் ரிவரில் லாரிகள் எரிந்தபோது நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவர் அவர். கலவரமே வேண்டாம், ஒரு லாரி கவிழ்ந்தாலும் போதும், அந்தப் பாதை அரை நாள் நின்றுவிடும் என்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் அவருக்குத் தெரிந்த ஒரு கோயில் மண்டபத்தில் பேசி, தேவைப்பட்டால் இரவு தங்க இடம் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஆறு மணிக்கு மேல் பஸ் நகரக்கூடாது என்றும் எழுத வைத்தார்.

அடுத்த கேள்வி, யார் நிறுத்துவது. நம்முடைய பல்கலைக்கழகங்களில் துறைத்தலைவர் சொன்னால் அதுதான் முடிவு. அவரோ ஊரில் இருக்கிறார். குழுவோடு வந்தவர்களில் மூத்த பேராசிரியர் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டு ஆன உதவிப் பேராசிரியை ஒருவர், ஆய்வு முடித்துச் சேர்ந்த இளைஞர் ஒருவர். மூத்தவர் போகலாம் என்று சொல்லிவிட்டால் மற்ற இருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கே படித்தவள்தானே. அதனால் ஒரு விதி கேட்டேன்: ஆசிரியர் மூவர், ஓட்டுநர், நான் என்று ஐந்து பேரில் யார் ஒருவர் வேண்டாம் என்றாலும் பயணம் நிற்கும், காரணம் பிறகு பேசலாம், அதற்காக யார் மேலும் நடவடிக்கை கிடையாது. பயணப் பாதுகாப்புக்கென்று 2021-ல் வந்த ஐ.எஸ்.ஓ 31030 வழிகாட்டியும் யாருக்கு எந்த அதிகாரம் என்பதைப் புறப்படும் முன்பே தெளிவாக்கச் சொல்கிறது. துறைத்தலைவர் தயங்கினார். பதிவாளர் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார். அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தோம்.

ஆறாம் நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனோம். நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஓட்டுநரிடம் பேசிய மாணவன் “ஜஸ்ட் நவ் வரேன்னு சொன்னார் மேடம், வந்துட்டார்” என்றான். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போதே என்று அர்த்தமில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில், எப்போதாவது என்று அர்த்தம். போக்குவரத்து விளக்கை ‘ரோபோ’ என்பார்கள், பிக்கப் வண்டியை ‘பாக்கி’ என்பார்கள், அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இது அப்படியல்ல. 50 நிமிடம் போய்விட்டது. படிவத்தில் ‘தமிழர் மிகுந்த பகுதி, மொழிச் சிக்கல் இல்லை’ என்று ஒரு வரி இருந்தது நினைவுக்கு வந்தது. இங்கே கோவெண்டர், மூட்லி, பிள்ளே என்ற குடும்பப்பெயர் கொண்ட தமிழர்கள் காவடி எடுப்பார்கள், தீமிதிப்பார்கள், தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். வீட்டு மொழி ஆங்கிலம், அதுவும் இந்த ஊர் ஆங்கிலம்.

ஐந்தேகால் மணிக்கு ஊரின் எல்லையைத் தாண்டும் முன் அங்கிளிடமிருந்து அழைப்பு. கீ ரிட்ஜ் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து டர்பன் பக்கம் போகும் வழி முழுக்க மூடிவிட்டது. ஓட்டுநர் பழைய ஆர்-103 சாலையில் சுற்றிப் போகலாம் என்றார். அது மலைப்பாதை, விளக்கு இல்லை, எல்லா வண்டியும் இன்றைக்கு அதில்தான் திரும்பும். மூத்த பேராசிரியர் போகலாம் என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் காவடி ஊர்வலம், அதைப் பதிவு செய்யத்தான் வந்ததே. ஊரிலிருந்து துறைத்தலைவரும் தொலைபேசியில், இந்திய நேரம் இரவு எட்டே முக்காலுக்கு, எப்படியாவது போய்ச் சேருங்கள் என்றார்.

உதவிப் பேராசிரியை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். “வேண்டாம் சார்” என்றார். குரல் நடுங்கியது. “காரணம் அப்புறம் சொல்றேன், நான் வேண்டாம்னு சொல்றேன்.” பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பேராசிரியர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஓட்டுநரிடம் திருப்பச் சொன்னார். கடிதம் அந்த இடத்தில் வேலை செய்தது. கடிதம் இல்லாவிட்டால் அந்தப் பெண் பேசியிருக்க மாட்டார், அவரே என்னிடம் சொன்னார்.

17.2

மண்டபத்தில் ஆன்ட்டிகள் நான்கு பேர் பாய் விரித்துப் போர்வை கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒரு பெரிய பானை நிறைய சுகர் பீன்ஸ் குழம்பு, ரொட்டி. அவர்களில் ஒரு ஆயாவுக்கு எழுபது வயதுக்கு மேல். தமிழில் அவருக்குத் தெரிந்தது பத்துப் பன்னிரண்டு சொற்கள், அவற்றில் ‘சாப்பிடு’ ஒன்று. ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் போய் அதைச் சொன்னார். ஒரு மாணவி மட்டும் தட்டைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் மறுபடி மறுபடி குடித்தாள்.

எட்டரை மணிக்கு அவளுடைய அறைத்தோழி உதவிப் பேராசிரியையிடம் போய் அழுதாள். அந்த மாணவிக்குப் பதினோரு வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு. தினமும் இன்சுலின். இரவு போடும் நீண்டநேர மருந்து டர்பன் விடுதியின் குளிர்பெட்டியில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போடும் பேனா கையில் இருந்தும், மதியம் மறைவாக ஊசி போட இடம் கிடைக்காமல் விட்டுவிட்டாள், பார்த்தால் பேனாவிலும் மருந்து தீர்ந்திருந்தது. படிவத்தில் ‘நோய் எதுவுமில்லை’ என்று எழுதியவள் இவள்தான்.

மண்டபத்தில் இருந்த ஆன்ட்டி ஒருவர் கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தார். இங்கே நம்மவர் வீடுகளில் அந்தக் கருவி இல்லாத வீடு குறைவு. விரலில் குத்திப் பார்த்தால் திரையில் 17.2 என்று வந்தது. மூத்த பேராசிரியருக்கும் சர்க்கரை உண்டு, இருபது ஆண்டு அனுபவம். அவர் பதறிப்போய், “பதினேழா! இறங்கிடுச்சு, சர்க்கரை கொடுங்க!” என்று மேசையிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுத்து டீயில் கொட்டினார். இந்தியாவில் அளவு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அந்தக் கணக்கில் 17 என்றால் மயங்கி விழும் நிலை. தென்னாப்பிரிக்காவில் அளவு லிட்டருக்கு மில்லிமோல். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். 17.2 என்றால் நம் கணக்கில் 310, மிக அதிகம். டீ டம்ளர் அவள் வாய் வரை போய்விட்டது. ஆன்ட்டிதான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

இதை எழுதும்போதும் எனக்குக் கை குளிர்கிறது. அவர் அக்கறையில்லாதவர் அல்ல. உள்ளன்போடு, அனுபவத்தோடு, தப்பான அளவுகோலோடு ஓடினார்.

அங்கிள் தொலைபேசியிலேயே ஒரு தனியார் மருத்துவமனைக்கு வழி சொன்னார். கோயில்காரர் ஒருவரின் காரில் போனோம். அட்டையில் முன்பணம் கட்டினேன். மருத்துவர் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலத்தின் அளவைப் பார்த்தார், ஏறத் தொடங்கியிருந்தது. இன்சுலினும் திரவமும் ஏற்றி இரண்டு மணிவரை வைத்திருந்தார்கள். முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினைத் தவறவிட்டால் இரத்தம் அமிலமாகத் தொடங்கும், மணிக்கணக்கில் ஆபத்தாகும். ஆர்-103-ல் லாரிகளுக்கு நடுவில், இருட்டில், யாரிடமும் சொல்லாமல் அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைக்க விரும்பவில்லை. காப்பீட்டு நிறுவனம் பிறகு பணம் தர மறுத்தது. முன்பே இருந்த நோயை அறிவிக்கவில்லை என்பது காரணம். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

படுக்கையில் அவளிடம் கேட்டேன், ஏம்மா எழுதலை என்று.

“எழுதியிருந்தா கூட்டிட்டு வந்திருக்க மாட்டாங்க அக்கா. ஸ்கூல்ல டூருக்கே விட மாட்டாங்க. படிவத்தை டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல கொடுக்கணும்னாங்க. அங்க எல்லாரும் பார்ப்பாங்க. வீட்ல மாப்பிள்ளை பார்க்கறாங்க.”

அதுவரை மேடம் என்றவள் அப்போதுதான் அக்கா என்றாள்.

எங்கே தவறியது

ஆசிரியைக்கு ‘வேண்டாம்’ சொல்லும் உரிமையைக் கடிதமாகக் கொடுத்தோம், அது பலித்தது. மாணவிக்கு ‘எனக்கு இது இருக்கிறது’ என்று சொல்லும் வழியை அடைத்து வைத்திருந்தோம். படிவம் அவளிடம் கேட்டது உடல்நலம் பற்றி, ஆனால் அவளுக்குக் கேட்டது ‘உன்னை விட்டுவிட்டுப் போகட்டுமா’ என்று. 19 வயதுப் பெண் அதற்கு என்ன பதில் எழுதுவாள்? அவள் பொய் சொன்னாள் என்று ஊரில் ஒரு கூட்டத்தில் பேசப்பட்டது. நான் அதை ஏற்கவில்லை, எழுதியும் அனுப்பினேன். உண்மை சொன்னால் தண்டனை என்று ஆக்கிவைத்தது படிவத்தை வடிவமைத்தவர்கள். அதைக் கேள்வி கேட்காமல் பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தவள் நான். கொலையையும் கலவரத்தையும் பற்றி அவ்வளவு கேட்டவள், ‘15 பேரில் ஒருவருக்குக்கூட ஒன்றுமில்லையா’ என்று கேட்கவில்லை. 15 இளைஞர்களில் ஆஸ்துமா, வலிப்பு, மனச்சோர்வு, ஒவ்வாமை எதுவுமே இல்லை என்று ஒரு படிவம் சொன்னால், அது யாரும் பேசத் துணியாத குழு என்றுதான் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. கனெடிகட்டிலிருந்து 2007-ல் சீனாவுக்குப் போன பள்ளிக் குழுவில் ஒரு மாணவிக்கு உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் வந்து பேச்சே போய்விட்டது. பூச்சிக்கடி பற்றிப் பள்ளி எச்சரிக்கவில்லை என்று 2013-ல் நடுவர் குழு 4 கோடியே 15 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. எச்சரிப்பதும் காப்பதும் பள்ளியின் கடமை என்று 2017-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் சொன்னது. முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடிய ஆபத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் தவறுதான். எங்கள் மாணவியின் நிலை நிச்சயம் தெரிந்துகொள்ளக்கூடியதுதான். அவள் ஒருவருக்காவது நம்பிச் சொல்லும்படி வைத்திருந்தால் போதும்.

இப்போது மாற்றியிருப்பது இதுதான். உடல்நலப் படிவம் பயணச்சீட்டு உறுதியான பிறகுதான் போகும், அதற்கு முன் யாரும் கேட்கக்கூடாது. அது துறை அலுவலகத்துக்குப் போகாது. மாணவர் நேரடியாக எங்கள் பல்கலைக்கழக மருத்துவருக்கு அனுப்புவார். எதை எழுதினாலும் பெயர் நீக்கப்படாது என்று முதல் வரியிலேயே இருக்கும். என்ன ஏற்பாடு வேண்டும் என்பதை மட்டும் மருத்துவர் எனக்குச் சொல்வார், யாருக்கு என்ன நோய் என்பதைச் சொல்ல மாட்டார். எல்லோரும், ஆரோக்கியமானவர்களும், இரண்டு நாள் மருந்தையும் மாற்று உடையையும் முதுகுப்பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். எல்லோரும் பை வைத்திருந்தால் ஒருத்தியின் பை தனியாகத் தெரியாது. திறந்த இன்சுலின் பேனாவை 30 டிகிரிக்குள் நான்கு வாரம்வரை குளிர்பெட்டி இல்லாமலே வைக்கலாம் என்பது பல வகைகளுக்குப் பொருந்தும். அன்றைக்கு அவள் அதைக் கையில் எடுத்து வந்திருக்கலாம், யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் விடுதியில் விட்டாள். சர்க்கரை அளவு இரண்டு கணக்கிலும் அச்சிட்ட ஒரு சிறு அட்டை, 112, 10111, 10177 என்ற அவசர எண்களோடு, எல்லோர் கழுத்திலும் தொங்கும். மூத்த பேராசிரியரே அந்த அட்டையைத் தயாரித்து அனுப்பினார்.

அடுத்த குழு ஜூலையில் வருகிறது. படிவங்கள் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: பஸ்ஸில் சிறிய குளிர்பெட்டி ஒன்றும், நடைப்பயணத்தில் அடிக்கடி உட்கார இடமும் வேண்டும். பெட்டியை வாங்கி வைத்துவிட்டேன். உட்காரும் இடங்களைக் குறிக்க ஞாயிற்றுக்கிழமை அங்கிளோடு போகிறேன்.